கோலி சோடாப் போத்தல் சொல்லும் வரலாறு



பரிசளிப்பு விழா மலர் என்றால் மாமன்னர்களின் வரலாறு வரும். மாவீரர்களின் வரலாறு வரும். “காலிப் போத்தலுக்குப் போய் என்னய்யா வரலாறு?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மன்னர்களைப் பற்றி எழுத அன்றே புலவர்கள் இருந்தார்கள். கூலிக்காரர்களைப் பற்றி எழுத யார் இருந்தார்கள்? அவர்கள் விட்டுச் சென்றவை ஓர் உடைந்த பானை, ஒரு துருப்பிடித்த கத்தி, ஒரு கண்ணாடிப் போத்தல். இவைதாம் அவர்களுக்காகச் சாட்சி சொல்லுகின்றன. அந்தச் சாட்சிகளில் ஒன்றை இந்தக் கட்டுரையில் விசாரிப்போம். உங்கள் பாட்டனாரைக் கேட்டால் உடனே முகம் மலரச் சொல்வார். அதுதாங்க, கோலி சோடாப் போத்தல்!

காற்றைத் தண்ணீருக்குள் அடைத்தவர்கள்

தண்ணீரில் காற்றைக் கலந்து குடிக்கலாம் என்று கண்டறிந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர். 1767-ஆம் ஆண்டு லீட்ஸ் நகரில் ஒரு மதுவடிப்பு ஆலைக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளின் மேலே ஒரு வகைக் காற்று தங்கி நிற்பதைக் கவனித்து, அதைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். அந்தக் காற்றுதான் நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கும் கரியமில வாயு. 1772-இல் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார். ஆனால் அவர் அதை வைத்துக் காசு பார்க்கவில்லை. காசு பார்த்தவர் ஜேக்கப் ஷ்வெப் என்பவர். 1783-இல் ஜெனீவாவில் தொழிலைத் தொடங்கி, 1792-இல் லண்டனுக்கு வந்து கடை விரித்தார்.

தண்ணீரில் காற்றை அடைப்பது சுலபம். அடைத்த காற்றைக் காப்பாற்றுவதுதான் கடினம். அந்தக் காலத்தில் போத்தலுக்கு மூடி என்றால் தக்கைதான். போத்தலை நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும். சுருங்கினால் காற்று ஓடிப் போகும். பிறகு அது சோடாவா? வெறும் தண்ணீர்!

இதற்கு ஒரு வழியாகத்தான் முட்டை வடிவப் போத்தல் வந்தது. வில்லியம் ஹாமில்டன் என்பவர் 1809-இல் பெற்ற காப்புரிமையில் இதைக் காணலாம். அடிப்பாகம் கூர்மையாக இருப்பதால் இந்தப் போத்தலை நிற்க வைக்கவே முடியாது. படுக்கத்தான் வைக்க வேண்டும். படுத்தால் தண்ணீர் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும். தக்கை நனைந்தால் சுருங்காது, காற்றும் போகாது. பார்க்கக் கோணலாக இருக்கும் ஒரு வடிவத்துக்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருக்கிறது, பார்த்தீர்களா!

கோலி வந்த கதை

தக்கையே வேண்டாம் என்று முடிவு கட்டியவர் ஹைரம் காட். 1838-இல் இங்கிலாந்தில் பிறந்த பொறியியலாளர். 1872-இல் அவர் காப்புரிமை பெற்ற போத்தல்தான் நம் கோலி சோடாப் போத்தலின் மூதாதை.

இது எப்படி வேலை செய்கிறது? போத்தலின் வாய்க்குள் ஒரு பள்ளம். அதில் ஒரு ரப்பர் வளையம். கழுத்துக்குள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. போத்தலைத் தலைகீழாகப் பிடித்துச் சோடாவை நிரப்புவார்கள். கோலி வாய்ப்பக்கம் வந்து விழும். உள்ளே இருக்கும் காற்று அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கி அழுத்தும். எந்தக் காற்று வெளியே ஓடப் பார்த்ததோ, அந்தக் காற்றே இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறது. திருடனையே காவல்காரனாக்கிய கதை இது!

திறக்க வேண்டுமானால் கட்டையாலோ கட்டைவிரலாலோ கோலியை ஓர் அழுத்து அழுத்தினால் போதும். ‘டப்’ என்று சத்தம் வரும். கோலி கீழே இறங்கும். கழுத்தின் இடுப்புப் பகுதி ஒடுங்கியிருப்பதால் கோலி அடிவரை விழாது. கழுத்தின் ஒரு பக்கம் இரண்டு குழிகள் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி அங்கே மாட்டிக்கொள்ளும். ஓடி வந்து வாயை அடைக்காது. இந்த இரகசியம் தெரியாதவர் சோடா குடிக்க முடியாமல் திண்டாடுவார், தெரிந்தவர் சிரிப்பார்.

ஆங்கிலத்தில் ‘காட்ஸ்வாலப்’ என்று ஒரு சொல் உண்டு. வெற்றுப் பேச்சு என்று பொருள். இந்தக் காட் துரையின் பெயரிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது என்று பல நூல்களில் கதை சொல்வார்கள். ஆனால் துரை இறந்தது 1887-இல். அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பது 1959-இல்! இடையில் 72 ஆண்டுகள் அந்தச் சொல் எங்கே ஒளிந்திருந்தது? ஆகவே அந்தக் கதையே ஒரு வெற்றுப் பேச்சு என்று தோன்றுகிறது. வரலாறு படிப்பவர் இனிக்கிற கதையை விழுங்கிவிடக் கூடாது. ஆண்டைக் கேட்க வேண்டும்.

கிழக்கே வந்த சோடா

காட் போத்தல் பிரிட்டனில் பிறந்தாலும் பெருவாழ்வு வாழ்ந்தது ஆசியாவில்தான். ஜப்பானில் கோபே நகரில் அலெக்சாண்டர் சிம் என்பவர் 1884-இல் அறிமுகம் செய்த ‘ராமுனே’ என்ற பானம் இன்றும் கோலி போட்ட போத்தலில் வருகிறது. தமிழகத்தில் ஊருக்கு ஊர் சோடாக் கம்பெனிகள் முளைத்தன. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் இன்றளவும் பானத் தொழிலில் இருக்கிறது. அங்கே கோலி சோடா என்பது பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்ட பெயர்.

நம் பக்கம் வருவோம். சிங்கப்பூரில் அச்சுத் தொழில் நடத்திய ஜான் ஃபிரேசர், டேவிட் சால்மர்ஸ் நீவ் என்னும் இருவர் 1883-இல் சோடாக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். 1898-இல் அது ஃபிரேசர் அண்டு நீவ் என்று பெயர் பெற்றது. நாம் ‘எஃப் அண்டு என்’ என்று சொல்கிறோமே, அதுதான். பார்சி இனத்தவர் நடத்திய ஃபிராம்ரோஸ் கம்பெனியும் அந்நாளில் பெயர் பெற்றிருந்தது. 1929-இல் நேஷனல் ஏரேட்டட் வாட்டர் கம்பெனி வந்தது. சிராங்கூன் சாலையில் 1954-இல் அது கட்டிய தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்தக் கட்டடத்தைக் காப்பது என்று 2017-இல் அறிவித்தார்கள்.

இந்தக் கதையில் நமக்கு இன்னோர் உறவும் உண்டு. கோலி மட்டும் போதாது. ரப்பர் வளையம் இல்லையென்றால் காற்று நிற்காது. 1877-இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு உலகச் சந்தையில் மலாயா ரப்பர் பெரும்பங்கு பிடித்தது. அந்த மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் எத்தனை பேர்! சோடாப் போத்தலின் வாயில் இருக்கும் அந்தச் சின்ன வளையத்தைப் பார்க்கும்போது அந்தக் கைகளை நினைக்காமல் இருக்க முடியுமா?

போத்தலைப் படிப்பது எப்படி?

ஏட்டைப் படிப்பதுபோல் போத்தலையும் படிக்கலாம். அதற்குச் சில எழுத்துகள் தெரிந்தால் போதும்.

முதலாவது அடிப்பாகம். வாயால் ஊதிச் செய்த பழைய போத்தலை ஓர் இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் வாயை முடிப்பார்கள். கம்பியை ஒடித்து எடுத்ததும் அடியில் சொரசொரப்பான தழும்பு தங்கிவிடும். 1850-களுக்குப் பிறகு இடுக்கிபோன்ற ஒரு கருவி வந்தது. தழும்பும் மெல்ல மறைந்தது.

இரண்டாவது தையல். சட்டைக்குத் தையல் இருப்பதுபோல் அச்சில் செய்த போத்தலின் இருபுறமும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது தோளோடு அல்லது கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைத் தனியாகக் கையால் முடித்திருக்கிறார்கள் என்று பொருள். கோடு வாயின் விளிம்புவரை ஏறிப் போனால் பெரும்பாலும் அது இயந்திரம் செய்தது. அதாவது 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆகவே ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

மூன்றாவது நிறம். மணலில் இருக்கும் இரும்புதான் கண்ணாடிக்கு இளம்பச்சை நிறம் தருகிறது. கோபால்ட் சேர்த்தால் கருநீலம். பச்சையை நீக்க மாங்கனீசு சேர்த்த கண்ணாடி, ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். விஷ மருந்துப் போத்தல்களைப் பலவேளைகளில் கருநீலத்திலும் பச்சையிலும் வரிவரியாகச் செய்தார்கள். ஏன் தெரியுமா? இருட்டில் தடவிப் பார்த்தாலும் கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக!

நான்காவது புடைப்பெழுத்து. கம்பெனியின் பெயரும் ஊரும் போத்தலின் மேலேயே எழும்பி நிற்கும். விளம்பரத்துக்கு மட்டுமல்ல. அக்காலத்தில் உள்ளே இருந்த சோடாவைவிட வெளியே இருந்த போத்தலுக்கே விலை அதிகம். “குடிச்சிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுங்க” என்று சொல்லும் ஏற்பாடு அது.

சூளையில் வாடிய சிறுவர்கள்

மாணவர்களே, இனிச் சொல்லப் போவதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

வாயால் ஊதிச் செய்த போத்தல் அழகாக இருக்கும். அதில் சிறு குமிழிகள் மின்னும். சேகரிப்பவர் அதைப் பார்த்து மயங்குவார். ஆனால் அதைச் செய்த இடம் எப்படி இருந்தது? ஊதுபவருக்குப் பக்கத்தில் அச்சைத் திறந்து மூட ஒரு சிறுவன். சூடான போத்தலைத் தூக்கிக்கொண்டு ஆறவைக்கும் அடுப்புக்கு ஓட இன்னொரு சிறுவன். இரவும் பகலும் ஓட்டந்தான். சூளை அணையாது, ஆகவே வேலையும் நிற்காது.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் புகைப்படம் எடுக்க 1908-இல் ஆசிரியர் வேலையை விட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தியானா மாநிலத்துக் கண்ணாடி ஆலைகளுக்குப் போய், நள்ளிரவில் வேலை செய்துகொண்டிருந்த சிறுவர்களைப் படம் பிடித்தார். படம் மட்டும் எடுக்கவில்லை; முடிந்த இடத்திலெல்லாம் பெயர், வயது, வேலை, ஊர், நாள் எல்லாம் குறித்து வைத்தார். ஆலை முதலாளி மறுத்தாலும் மறைக்க முடியாத சாட்சியம் அது. அந்தக் குழுவுக்காக அவர் எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன.

இதில் ஒரு விந்தை பாருங்கள். தானாகவே போத்தல் செய்யும் இயந்திரத்தை 1903-இல் உருவாக்கியவர் மைக்கேல் ஓவன்ஸ். இவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். தம் பத்தாவது வயதிலேயே கண்ணாடி ஆலையில் வேலைக்குப் போனவர். அவருடைய இயந்திரம் வந்த பிறகு அச்சு மூடவும் போத்தல் சுமக்கவும் சிறுவர்கள் அத்தனை பேர் தேவைப்படவில்லை. சட்டத்தால் தாங்கள் செய்ய முடிந்ததைவிட இந்த இயந்திரம் அதிகம் செய்தது என்று 1913-இல் குழந்தைத் தொழிலாளர் குழுவே ஒப்புக்கொண்டது. இன்னொரு பக்கமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஊதுகுழல் பிடித்த கைவினைஞர்களின் பிழைப்பும் அதே இயந்திரத்தால் போயிற்று. ஒரே மாற்றம் ஒரு வீட்டில் விளக்கேற்றியது; இன்னொரு வீட்டில் விளக்கணைத்தது. அமெரிக்காவில் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்திய நிலையான கூட்டாட்சிச் சட்டம் வர 1938 ஆயிற்று.

“இதெல்லாம் அமெரிக்காவில் நடந்தது, நமக்கென்ன?” என்று இருந்துவிடலாமா? நம் தோட்டங்களிலும் பிள்ளைகள் புல் பிடுங்கவும் பால் சுமக்கவும் போன காலம் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி வளர்ந்தவைதாம். இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் நீங்கள், அந்த வழியில் வந்தவர்கள்.

கோலிப் போத்தல் மறைந்தது ஏன்?

பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் 1892-இல் பல் வைத்த தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நாம் திறப்பானால் நெம்பித் திறக்கிறோமே, அதே மூடி. அந்த மூடிக்குப் போத்தல் வாய் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓவன்ஸின் இயந்திரம் அதைச் செய்து கொடுத்தது. இரண்டும் கைகோத்ததும் காட் போத்தலுக்கு இறங்குமுகம். மேலும் கோலி கிடக்கும் கழுத்தைக் கழுவுவது பெரும் பாடு. சுகாதாரம் பார்ப்பவர்கள் முகம் சுளித்தார்கள்.

எஞ்சியவற்றில் பலவற்றை ஒழித்தவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற பொடிசுகள்தாம்! கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயை ஒடுக்கி முடிப்பார்கள். ஆகவே போத்தலை உடைத்தால்தான் கோலி கைக்கு வரும். விளையாடக் கோலி வேண்டும், என்ன செய்வது? உடை! இங்கிலாந்திலும் இதே கதை, நம்மவர்களிடமும் இதே கதை. ஆகவேதான் முழுப் போத்தலுக்கு இன்று கிராக்கி. 1973-இல் பிளாஸ்டிக் போத்தலுக்கு நத்தேனியல் வையத் காப்புரிமை பெற்ற பிறகு கண்ணாடிக்கே சோதனைக்காலம் வந்துவிட்டது.

சேர்ப்பவரும் விற்பவரும்

1960-களிலிருந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிப் போத்தல் எடுப்பது ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. சங்கங்கள் அமைந்தன, ஏலங்கள் நடந்தன. நம் பக்கத்தில் காராங் கூனிக்காரர் வீடு வீடாக வந்து பழைய பேப்பரும் போத்தலும் எடுத்துப் போவார். சிங்கப்பூரில் சுங்கை ரோட்டுச் சந்தையில் பழைய சாமான்கள் பரப்பிக் கிடக்கும். அந்தச் சந்தையை 2017 ஜூலை 10-இல் மூடிவிட்டார்கள். பினாங்கு லோரோங் கூலிட்டிலும் மலாக்கா ஜோங்கர் தெருவிலும் பழம்பொருள் வியாபாரம் பேர் பெற்றது.

விலை எதைப் பொறுத்தது? நிறம், புடைப்பெழுத்து, ஊர்ப்பெயர், அரிதா இல்லையா, கீறல் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. வயது மட்டும் விலை தராது. இரண்டாயிரம் ஆண்டு பழைய ரோமானியக் குப்பியைவிட நூறாண்டுச் சோடாப் போத்தல் அதிக விலைக்குப் போவதும் உண்டு. ஏமாற்றும் உண்டு. கதிர் பாய்ச்சி நிறம் மாற்றிய கண்ணாடியையும், புதிதாகச் செய்த கோலிப் போத்தலையும் பழசென்று தலையில் கட்டிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. போத்தல் கைமாறக் கைமாற அது எந்த ஊரில், எந்த வீட்டருகில் கிடைத்தது என்ற செய்தி காணாமல் போகிறது. ஊர் தெரியாத போத்தல் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். ஊர் தெரிந்த போத்தல்தான் வரலாறு. இதனாலேதான் சிங்கப்பூர் கேனிங் கோட்டையில் 1984-இல் தொடங்கிய அகழாய்வில் ஒவ்வொரு துண்டும் எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்தார்கள். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பண்பாட்டு மதிப்புள்ள பொருள் என்று கருதத்தக்கது கிடைத்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உடைந்த கண்ணாடி காலைப் பதம் பார்க்கும். பழைய மருந்துப் போத்தலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

படம் பிடிக்கும் முறை

தோண்ட வேண்டாம், படம் பிடியுங்கள். இன்று கைப்பேசி இல்லாத வீடு எது? ஆனால் கண்ணாடியைப் படம் பிடிப்பது தனிக்கலை. முன்னாலிருந்து பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் போத்தல் தெரியாது, வெளிச்சந்தான் தெரியும்.

ஜன்னலோரம் போத்தலை வையுங்கள். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைத் தொங்கவிடுங்கள். தாளின் வழியே வெளிச்சம் மெல்ல வரட்டும். நிறமும் குமிழிகளும் தெளிவாகத் தெரியும். இருபுறமும் கறுப்பு அட்டை வைத்தால் விளிம்புகள் கோடு போட்டதுபோல் எடுப்பாக வரும். புடைப்பெழுத்தைப் படிக்க வேண்டுமா? பின்னால் கறுப்புத் துணி, பக்கவாட்டில் வெளிச்சம். எழுத்தின் மேட்டில் ஒளியும் பள்ளத்தில் நிழலும் விழும். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வையுங்கள். அளவு தெரிய வேண்டாமா? முன், பின், அடி, வாய், தையல் என்று ஐந்து படமாவது எடுங்கள்.

பிறகுதான் முக்கியமான வேலை. ஹைன் செய்ததுபோல் எழுதி வையுங்கள். யார் வீட்டில் இருந்தது? எந்தத் தோட்டம்? எத்தனையாம் நம்பர் லயம்? அதில் என்ன வைத்திருந்தார்கள்? யார் சொன்னது? என்றைக்குச் சொன்னது? சோடாப் போத்தல்தான் வேண்டும் என்பதில்லை. தைலப் போத்தலாக இருக்கலாம். மைப் போத்தலாக இருக்கலாம். ரப்பர்ப் பால் வடிக்க வைத்த கண்ணாடிக் கோப்பையாகக்கூட இருக்கலாம்.

ஏன் அவசரம்?

தோட்டங்கள் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. லயங்கள் இடிந்தன, அங்கே வாழ்ந்தவர்கள் நகரத்து அடுக்கு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். வரும்போது மூட்டை கட்டியவற்றில் ஒரு பழைய போத்தல் அடுக்களை மூலையில் எண்ணெய் ஊற்றி வைக்க வந்திருக்கக்கூடும். பாட்டிக்கு அதன் கதை தெரியும். பேரனுக்குத் தெரியாது. பாட்டியிருக்கும்வரைதான் அது போத்தல். அதற்குப் பிறகு குப்பை.

அமெரிக்கச் சிறுவர்களைப் படம் பிடிக்க ஒரு ஆசிரியர் இருந்தார். நம் தோட்டத்து வாழ்வை அப்படிப் பக்கம் பக்கமாகப் பதிந்து வைத்தவர்கள் மிகச் சிலரே. அந்தக் குறையை இனிமேல் யார் நிரப்புவது? நீங்கள்தாம், கண்ணுகளா. வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு போத்தல், ஐந்து படம், ஒரு பக்கக் குறிப்பு. இவ்வளவு செய்தால் போதும். வகுப்புக்கு இருபது பேர் செய்தால் இருபது வீட்டின் வரலாறு நம் பள்ளி நூலகத்தில் சேரும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றில் சிறந்தவை அச்சேறட்டும்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். இந்த ஆண்டு பரிசு பெறாதவர்களுக்கும் சேர்த்தே இந்த வேலையைக் கொடுக்கிறேன். பாட்டியிடம் கதை கேட்பதில் முதல் மாணவன், கடைசி மாணவன் என்ற பேதம் கிடையாது.